அண்ணன் மண்டியிட்ட ஆண்டு விழா

எங்கள் அருமை அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்திற்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் ஸ்தோத்திரம்.

அண்ணன் மகன் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, இப்ப நீங்கதான் பெரியவங்க. அப்பாவப் பத்தி நல்லதா எழுதிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டான். மாதிரிக்கு வேறு வீடுகளின் நினைவு மலர்கள் சிலவற்றையும் வைத்துவிட்டுப் போனான். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லோருக்கும் சிரித்த முகம், எல்லோருக்கும் வாரி வழங்கும் கை, ஒருவருக்கும் எதிரி கிடையாது. இறந்துபோனவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள்தானோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் அண்ணனுக்கு எதிரிகள் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களில் சிலர் இன்று பிரியாணிக்கும் வந்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். சாப்பிடும் முன் படித்தால் இறங்காது.

அண்ணன் பிறந்தது தெற்கே தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். ஊரைப் பற்றி நாலு வரி உருகி எழுதுவது வழக்கம். எனக்கு உருக்கம் வரவில்லை. ஒரே கோயிலில் ஒரே பாட்டைப் பாடிவிட்டு வெளியே வந்ததும், கீழத்தெரு ஆட்கள் மேலத்தெருக் கிணற்றைத் தொட்டுவிடக் கூடாது என்று காவல் நின்ற ஊர் அது. நாங்கள் மேலத்தெரு. அப்பா கருப்பட்டி வியாபாரம் செய்தார். அண்ணன் பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்பே அப்பாவும், அடுத்த சில வருடங்களில் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன் ஓட்டத்தில் கெட்டிக்காரர், கயிறு ஏறுவதில் அவரை வெல்ல ஆள் கிடையாது. மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவர் உதவியால் சென்னைக்குப் போய் உடற்பயிற்சி ஆசிரியர் சான்றிதழ் வாங்கினார். சான்றிதழ் வாங்கியவருக்கு ஊர்ப்பக்கம் வேலை கிடைக்கவில்லை.

அப்போதுதான் பம்பாயிலிருந்து சித்தப்பாவின் அழைப்பு வந்தது. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். தாராவியில் பலசரக்குக் கடை வைத்து, கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை வீடுகளைப் பத்துப் பன்னிரண்டு வாங்கி வாடகைக்கு விட்டு நிமிர்ந்தவர். கோயிலில் மூப்பர். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய தமிழ்த் தொடக்கப் பள்ளிக்குச் செயலாளரும் அவர்தான். சீன யுத்தம் முடிந்திருந்த சமயம். பள்ளிகளில் டிரில் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிரில் மாஸ்டர் ஒருவர் தேவைப்பட்டார். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினார். சித்தப்பா வீட்டை ஒட்டிய கோலியில் எங்களைத் தங்க வைத்தார்கள். அந்தக் கோலிக்கு வாடகையாக நான் சித்தி வீட்டுப் பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். இதை உபகாரம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வேலை தற்காலிகம். ஆண்டு விழா முடிந்ததும் கமிட்டி கூடி நிரந்தரம் ஆக்கும் என்பது சித்தப்பாவின் வாக்கு. நிரந்தரம் ஆனால்தான் செம்பூரில் இருந்த மதினியின் அப்பா அண்ணனுக்குப் பெண்ணைக் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால்தான் நாங்கள் சித்தப்பாவின் கோலியை விட்டு வெளியேற முடியும். அண்ணனும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானம் என்று பெயர் வைத்திருந்த இடம், கட்டடத்துக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டுத் தரை. மழைக்காலத்தில் சாக்கடை அங்கே வந்து நிற்கும். வெயில் காலத்தில் பக்கத்தில் தோல் பதனிடும் கிடங்குகளிலிருந்து வரும் வாடை வயிற்றைப் புரட்டும். ஆனால் அந்த வாடைகூட எனக்குப் பழகிவிட்டது. ஆசிரியர்களின் பேச்சுத்தான் பழகவில்லை. டிரில் பீரியடு என்றால் அவர்களுக்கு ஓய்வு பீரியடு. ஒருவர் பையன்களை டீ வாங்க அனுப்புவார். இன்னொருவர் பெஞ்சில் காலை நீட்டுவார். "ஒண்ணாப்புப் பிள்ளைக்கு என்னத்துக்கு டிரில்லு? அதுவளே நாள் பூரா ஓடிக்கிட்டுத்தான கெடக்கு" என்பது தலைமை ஆசிரியரின் உடற்கல்விக் கொள்கை. அண்ணனை ஆசிரியர் அறையில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. விசில்காரன் என்றுதான் அவர்களுக்குள் பெயர்.

அண்ணன் முதல் வாரம் விசிலே ஊதவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தரையைக் கூட்டிக் கண்ணாடிச் சில்லும் ஆணியும் பொறுக்கினார். பிறகு எங்கிருந்தோ இரண்டு கைவண்டி மணல் வாங்கிக் கொட்டினார். மணலில் அவர் முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதற்கு. மோவாயை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கையை ஊன்றக் கூடாது, தோளில் விழுந்து உருண்டு எழ வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுந்து சிரித்ததை நான் தண்ணீர்க் குழாயடியில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதை ஓட விடமாட்டார். நிழலில் உட்காரவைத்துக் கைதட்டித் தாளம் போடச் சொல்வார். மராத்திப் பள்ளிகளில் குலுக்கி ஆடும் லெசிம் கருவியை இரவல் வாங்கி வந்து பெண்பிள்ளைகளுக்குப் பழக்கினார். வட்டமாக நின்று கைகோத்து ஆடும்போது பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடிக்காமல் நுனிவிரலை மட்டும் தொடுகிற பிள்ளைகள் சில உண்டு. அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், யாருடைய கையை அப்படித் தொட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதிலேயே அதைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அண்ணன் திட்டமாட்டார். "மக்கா, கை விட்டா வட்டம் போச்சு, மொதல்ல இருந்து" என்று மட்டும் சொல்வார். ஆட்டம் நின்றுவிடுமே என்ற பயத்தில் பிள்ளைகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது சித்தப்பாதான் பிரமிடு வேண்டும் என்றார். கோகுலாஷ்டமிக்கு நாக்கா முச்சந்தியில் கோவிந்தாக்கள் ஆள்மேல் ஆள் ஏறி உறியடிப்பதைப் பார்த்திருந்தார். மாநகராட்சிக் கல்வி அதிகாரி ஒருவர் தலைமை விருந்தினராக வருவதாக இருந்தது. அவர் முன்னால் தமிழ்ப் பிள்ளைகள் சளைத்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டுமாம். அண்ணன் யோசித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அடுக்கு எல்லாம் ஆகாது, கீழே ஆறு பேர், மேலே ஒருவன், அவ்வளவுதான் என்றார். நாலாம் வகுப்பில் கனமான ஆறு பையன்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாகக் குனிந்து நிற்க வேண்டும். எடை குறைந்த ஒருவன் அதில் இருவர் தோளில் கால்வைத்து ஏறி, அவர்கள் நிமிரும்போது கொடியோடு நிற்க வேண்டும். கனமானவன் கீழே, லேசானவன் மேலே. இதில் அண்ணனுக்கு வேறு எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

நாலாம் வகுப்பில் நன்றாகத் தின்று வளர்ந்த பையன் சித்தப்பாவின் கடைசி மகன். அவனுக்குக் கீழ் வட்டத்தில் இடம். நாலாம் வகுப்பிலேயே மிக லேசான பையன் மாசிலாமணி. அவன் அப்பா தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். எங்கள் கோயிலிலேயே கடைசி விரிப்பில் உட்காருகிற குடும்பம். பையன் எலும்பும் தோலுமாக இருப்பான், ஆனால் அவ்வளவு நிதானம். மேலே ஏறினால் அசையமாட்டான். அவனுடைய வலது கால் சித்தப்பா மகனின் இடது தோளில் வந்தது.

ஒத்திகை நடந்த மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, சித்தப்பா மகன் வீட்டில் உளறிவிட்டான். சித்தி அவனைக் குழாயடியில் நிறுத்தி, தேங்காய் நாரால் தோளைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். பையன் வலியில் அலறினான். சித்தப்பா கடையிலிருந்து வந்ததும் சித்தி ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒங்க மவன் தோள்ல எவன் காலு ஏறுதுன்னு கேட்டியளா?"

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு அழைப்பு வந்தது. நான் சித்தி வீட்டு அடுப்படியில் இருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்தது.

"ஏல, நீ படிச்சவந்தானல? நம்ம பையன மேல ஏத்திட்டு அவன கீழ நிறுத்தினா என்ன கொள்ள போவுது?" என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, நம்ம தம்பி கனம் என்ன, அந்தப் பையன் கனம் என்ன? தம்பி ஏறி நின்னா அவன் எலும்பு தாங்காது."

"தாங்கும்ல. அதுவ தாங்கிப் பழகின ஆளுவ."

இந்த வாக்கியத்தை அறுபது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் கூசியது. ஒன்பது வயதுப் பையனைப் பற்றி, ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்துகிற ஒரு மூப்பர் சொன்னது இது. சொல்லிவிட்டு அவர் மோர் வாங்கிக் குடித்தார். அந்த டம்ளரை நான்தான் கழுவினேன். கழுவும்போது எனக்கு வந்த அருவருப்பு தோல் கிடங்கு வாடையால் ஒருநாளும் வந்தது இல்லை.

அண்ணன் மறுத்துவிட்டார். கீழே மேலே மாற்ற முடியாது, வேண்டுமானால் பிரமிடையே விட்டுவிடலாம் என்றார். அதற்கும் சித்தப்பாவுக்கு மனமில்லை. கல்வி அதிகாரிக்குப் போன நிகழ்ச்சி நிரலில் பிரமிடு ஏறிவிட்டதாம். கமிட்டிக்காரர்கள் கூடினார்கள். ஜெபம் பண்ணித்தான் ஆரம்பித்தார்கள். ஜெபத்துக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. கீழே நிற்கிற ஆறு பையன்கள் தோளிலும் துண்டு மடித்துப் போட்டுவிடுவது. கால் துண்டில் படும், தோளில் படாது.

சித்தப்பா அதை அண்ணனிடம் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். முகமெல்லாம் பெருமை. "காலும் ஒட்டாது, தோளும் ஒட்டாது. யாருக்கும் மனவருத்தம் இல்ல. நானும் அந்தக் காலத்து ஆளு இல்லல. எனக்கும் சமத்துவம் தெரியும்."

"துணி வழுக்கும் சித்தப்பா. வெறும் கால் வெறும் தோள்ல பிடிக்கும். துணியில பிடிக்காது. பையன் தலகுப்புற விழுவான்."

"பழக்கிவிடு. அதுக்குத்தான ஒனக்குச் சம்பளம்?"

மறுநாள் ஒத்திகைக்கு அவரே கடையிலிருந்து துண்டுகளோடு வந்தார். பள்ளிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நானும் பார்த்தேன். மாசிலாமணி ஏறினான். பையன்கள் நிமிர்ந்தார்கள். இடது காலடியில் துண்டு நகர்ந்தது. பையன் விழுந்தான். அண்ணன் கற்றுக்கொடுத்த மாதிரியே மோவாயை ஒட்டிக்கொண்டு தோளில் உருண்டதால் பிழைத்தான். முழங்கை மட்டும் சிராய்த்து ரத்தம் வந்தது. சித்தப்பா குனிந்து எடுத்தது துண்டை. மண்ணை உதறிவிட்டு, "ரெண்டு மட்டம் விழுந்தா சரியாப் போவும்" என்றார். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒன் ஆர்டரு என் மேசையிலதான் கெடக்கு. விழா ஒழுங்கா முடியட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்துருதேன். செம்பூர்க்காரரும் விழாவுக்கு வாராரு."

கோலிக்கு வந்ததும் அண்ணன் சாப்பிடவில்லை. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்குக் கொமட்டுது பாப்பா" என்றார். ஒடம்புக்கு என்ன என்று கேட்டேன். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. அந்தத் துண்ட நெனச்சாலே கொமட்டுது. அந்தப் பையன் ரத்தத்தத் தொடைக்கக்கூட அத ஒருத்தரும் கொடுக்கல, பாத்தியா?" அடுத்த நாளிலிருந்து ஒத்திகையைத் துண்டு இல்லாமலே நடத்தினார். சித்தப்பா கேட்டபோது, துண்டு அழுக்காகிவிடும் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். விழா அன்று என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

விழா அன்று பந்தல் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கல்வி அதிகாரி, கமிட்டிக்காரர்கள், மதினியின் அப்பா. பெண்கள் பக்கம் சித்திக்குப் பின்னால் நான். அண்ணன் வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சுண்ணாம்பு பூசிய கேன்வாஸ் ஷூ என்று அவ்வளவு அழகாக இருந்தார். லெசிம் ஆட்டம் முடிந்ததும் அதிகாரி கைதட்டி ஏதோ பாராட்டினார். கடைசி நிகழ்ச்சி பிரமிடு. ஆறு பையன்கள் ஓடிவந்து வட்டமாக நின்றார்கள். மாசிலாமணி கொடியோடு நின்றான்.

அப்போது சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பின்னால் ஒருவர் தட்டில் இஸ்திரி போட்ட புதுத் துண்டுகளை ஏந்தி வந்தார். சித்தப்பா ஒவ்வொரு பையன் தோளிலும் ஒரு துண்டை மடித்துப் போட்டார். பொன்னாடை போர்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டு பந்தலே கைதட்டியது. அதிகாரியும் தட்டினார். பிள்ளைகளைக் கௌரவிக்கும் பண்பாடு என்று பக்கத்தில் இருந்தவரிடம் தலையசைத்துச் சொல்லிக்கொண்டும் இருந்தார். காரணம் தெரிந்தவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. துண்டு எதற்கு என்று மாசிலாமணிக்கும் தெரியும். அவன் சிராய்ப்பு ஆறாத முழங்கையைத் தடவிக்கொண்டு நின்றான்.

அண்ணன் விசிலை நீளமாக ஊதினார். நிறுத்து என்பதற்கான விசில் அது. பிள்ளைகள் அப்படியே நின்றார்கள். அண்ணன் வட்டத்தைச் சுற்றி நடந்து ஆறு துண்டுகளையும் எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தார். சித்தப்பாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். சித்தப்பாவின் முகம் கறுத்தது. நேரே வட்டத்துக்குப் போய் மகனின் காதைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்து தன் காலடியில் உட்காரவைத்தார். வட்டத்தில் ஒரு ஆள் குறைந்தது.

அண்ணன் ஷூவைக் கழற்றினார். அந்த இடத்தில் போய் மண்டியிட்டார். இரண்டு பக்கத்துப் பையன்கள் தோளிலும் கைபோட்டுக்கொண்டு குனிந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாசிலாமணி கிட்டே வந்தவன் தயங்கினான்.

"சார், காலு பூரா மண்ணு" என்றான். முன்வரிசைக்கெல்லாம் கேட்டது.

"மண்ணு இருந்தாத்தான் வழுக்காது. ஏறுல மக்கா."

பையன் ஏறினான். வலது காலை அண்ணன் தோளில் வைத்தான். ஐந்து பையன்களும் நிமிர, அண்ணனும் ஒரு காலை ஊன்றி அரை மண்டியில் நிமிர்ந்தார். மேலே அவன் கொடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். கல்வி அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். தோல் கிடங்குப் பக்கத்து ஆட்கள் பந்தலுக்கு வெளியே நின்று விசிலடித்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் கையும் அசையவில்லை. சித்தி மட்டும் "தூ" என்றாள். அண்ணன் இறங்கச் சொல்லிக் கை காட்டியதும் அவன் மெதுவாக இறங்கி, குனிந்து, அண்ணன் சட்டையில் பட்ட மண்ணைத் தன் கையால் தட்டிவிட்டான்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் நம் சொந்தக்காரர்கள் அறுபது வருடமாக மென்று முழுங்கி வந்திருக்கிறார்கள். அதிகாரி மேடையில் பேசும்போது, ஆசிரியர் மாணவனைத் தோளில் தாங்குவதுதான் கல்வி என்று பாராட்டினார். சித்தப்பா எழுந்து கைகூப்பி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். வெட்கமே இல்லை. காரில் ஏற்றி அனுப்பும் வரை சிரித்த முகம். கார் போனதும், மேசையில் இருந்த ஆர்டர் மேசையிலேயே இருந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மதினியின் அப்பா அங்கேயே, "கண்ட காலும் பட்ட ஒடம்புக்கு எம்பொண்ணக் கொடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு செம்பூருக்குப் பஸ் ஏறினார். நாங்கள் கோலிக்குத் திரும்பியபோது சித்தி வாசலில் வாளித் தண்ணீரோடு நின்றாள். "குளிச்சுட்டு உள்ள போ" என்றாள். அண்ணன் வாசலோடு நின்று, "பாப்பா, பெட்டிய எடு" என்றார். அன்று நான் எடுத்து வந்ததில் சித்தி வீட்டுக் கரண்டி ஒன்றும் வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

அண்ணனை வீரர் என்று எழுதிவிட்டால் அவருக்குப் பிடிக்காது. ஏனென்றால் கதை அதோடு முடியவில்லை. அடுத்த வாரமே மாசிலாமணியின் அப்பாவைக் கூப்பிட்டு, பையனை வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டு அண்ணன் அவர்கள் குடிசைக்குப் போனார்; நானும் கூடப் போனேன். அவன் அப்பா வரவேற்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சுண்ணாம்பில் வெந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒங்களுக்கு வேல போச்சு, இவனுக்குப் பள்ளிக்கொடம் போச்சு. ஆருக்கு சார் லாபம்?" அண்ணன் நாலு நாள் நடையாய் நடந்து மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் பையனைச் சேர்த்துவிட்டார். பிறகு அந்தக் குடும்பம் குடிசையை மாற்றிக்கொண்டு போய்விட்டது. அவன் என்ன ஆனான் என்று எங்களுக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறான் என்று எழுத ஆசைதான். தெரியாததை எழுதக் கூடாது.

அண்ணனுக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் நேரக் காப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அதுதான். மறுபடி எந்தப் பள்ளியிலும் அவர் வேலை கேட்கவில்லை. அப்பாவின் பேச்சை மீறி மதினி அடுத்த வருடமே அண்ணனைக் கட்டிக்கொண்டார். "ஒங்கண்ணன் தோளு எனக்கு அசிங்கமாத் தெரியல" என்று என்னிடம் சொன்னவர். அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் சொந்தத்தில் வந்தவர்களை ஒரே விரிப்பில் உட்காரவைத்துவிடலாம். மதினி இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை இன்னும் காரமாக எழுதியிருப்பார்.

கடைசி இரண்டு வருடம் அண்ணன் நவி மும்பை நெருளில் மகன் வீட்டில் படுக்கையில் இருந்தார். அவரைக் கவனித்துக்கொள்ள ஷோபா தாய் என்ற மராத்திப் பெண் பகல்தோறும் வருவார்; தாய் என்றால் மராத்தியில் அக்கா. துடைப்பது, திருப்பிப் போடுவது, மலம் எடுப்பது, சோறு ஊட்டுவது எல்லாம் அவர். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இறப்பதற்குச் சில நாள் முன்பு சித்தப்பாவின் அந்தக் கடைசி மகன் பார்க்க வந்தார். இப்போது பெரிய கட்டட முதலாளி. அவரும் எழுபதைத் தொட்டுவிட்டார். கதவருகிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். ஷோபா தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இந்த மனிதர் என்னிடம் கேட்டார்:

"யக்கா, இவ எந்த ஆளுவ? விசாரிச்சுத்தான் வச்சியளா? வாய்ல கைய வச்சு ஊட்டுதாளே."

நான் வாயைத் திறக்கும் முன் கட்டிலிலிருந்து குரல் வந்தது. பல நாளாக அண்ணனுக்குப் பேச்சே தெளிவில்லை. அன்று தெளிவாக இருந்தது.

"அவன வெளிய போச் சொல்லு."

சொல்லிவிட்டு அடுத்த வாய்க் கஞ்சிக்கு வாயைத் திறந்தார். அந்த மனிதர் போனார். அதே மனிதர்தான் அடக்க ஆராதனையில் மைக்கைப் பிடித்து, "அண்ணன் எங்கப்பா கொடுத்த வேலைய நல்ல சம்பளம் கெடச்சதும் தானா விட்டுட்டுப் போனவங்க. ஆனாலும் கடைசி வரைக்கும் எங்கமேல பாசம்" என்று பேசியவர். நீங்களும் கேட்டீர்கள். சிலர் ஆமென் சொன்னீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சண்டை வேண்டாம் என்று நான் அன்று பேசாமல் இருந்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். அண்ணனைத் தூக்கி, துடைத்து, ஊட்டிய ஷோபா தாய்க்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. இன்று முதல் பந்தியில் அவர் நம்மோடு உட்காருகிறார். வேறு பந்தி வேண்டும் என்பவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். மழையில் கல்லறை வரை வந்த அம்பர்நாத் தொழிற்சாலை நண்பர்களுக்கும், விடிய விடியக் கூட இருந்த நெருள் அக்கம்பக்கத்தாருக்கும், ஆராதனை நடத்திய சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், ஒரு வரியையும் வெட்டாமல் இதை அச்சுக்குக் கொடுக்கும்படி நான் கேட்டுக்கொண்ட என் மருமகனுக்கும், அதாவது அண்ணன் மகனுக்கும், நன்றி.

சித்தப்பா மகனுக்கும் இந்த மலரில் ஒரு பிரதி அவர் வீட்டுக்கே போகிறது. தமிழ் வாசிக்க வராது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். பேரன் பேத்திகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது ஒன்றாவது அந்த வீட்டில் இருந்தால், எல்லோரையும் உட்காரவைத்து அவர் முன்னால் சத்தமாக வாசிக்கட்டும்.